எம்லின் வில்லியம்ஸ்: மூன்று பேரா, ஒரே ஆளா?

கருப்புவெள்ளை ரசிகன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஹாலிவுட் படங்களை ஒரு ஒழுங்கில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். போன வாரம் பெட்டி டேவிஸ் நடித்த 'தி கார்ன் இஸ் கிரீன்' பார்த்தேன். 1945 படம். சுரங்கத்தில் வேலை பார்க்கும் வெல்ஷ் பையன், அவனை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் ஆசிரியை. மூல நாடகம் எம்லின் வில்லியம்ஸ் என்று டைட்டிலில் வந்தது. எங்கேயோ பார்த்த பெயராயிற்றே என்று தேடினால், 1952 'ஐவன்ஹோ'வில் வாம்பா என்ற விதூஷகனாக வருபவர் பெயரும் அதுதான். அதோடு போனதா? பழைய புத்தகக் கடையில் 'பியாண்ட் பிலீஃப்' என்று ஒரு தடித்த புத்தகம், இங்கிலாந்தில் நடந்த மூர்ஸ் கொலைகளைப் பற்றியது. அட்டையில் அதே எம்லின் வில்லியம்ஸ்!

ஆசிரியையை நினைத்து உருகி நாடகம் எழுதுகிறவர், கோமாளி வேஷம் கட்டுகிறவர், குழந்தைகளைக் கொன்றவர்களைப் பற்றி நானூறு பக்கம் தோண்டுகிறவர். மூவரும் ஒருவர்தானா, இல்லை வேல்ஸில் எல்லாருக்கும் இதே பெயர்தான் வைப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரைப் படிக்க எங்கே ஆரம்பிக்கலாம் என்பதையும்.

நூலகத்தூசி எழுதியது:

மூன்றும் ஒருவரே. 1905 நவம்பர் 26 பிறப்பு, 1987 செப்டம்பர் 25 இறப்பு. முழுப்பெயர் ஜார்ஜ் எம்லின் வில்லியம்ஸ். நடிகர், நாடக ஆசிரியர், திரைக்கதை எழுத்தாளர், ஒரே ஒரு படத்துக்கு இயக்குநர், கடைசியில் நாவலும் எழுதினார். ஹிட்ச்காக்கின் 1934 'தி மேன் ஹூ நியூ டூ மச்'சுக்குக் கூடுதல் வசனம் எழுதியதும் இவர்தான்.

ஆனால் உங்கள் சந்தேகம் வீண் இல்லை. 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது தென் வேல்ஸ் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் பெயரும் எம்லின் வில்லியம்ஸ்தான். சுரங்கம், வேல்ஸ் என்று தேடினால் அவரும் இவரும் கலந்து வருவார்கள். அவர் வேறு.

மிச்சத்தை டீக்கரை அக்கா சொன்னால்தான் சரியாக இருக்கும். அவர் இருப்பதே அந்த ஊர்ப்பக்கம்.

டீக்கரை எழுதியது:

தூசி, நீங்களாகக் கூப்பிட்டீர்கள். இனி நான் சுருக்கமாக முடிப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

நான் மருந்தாளுநர். வட வேல்ஸில், டீ நதி கடலில் கலக்கிற கரையோரத்தில் வேலை. கோனாஸ் கீயிலிருந்து மோஸ்டின் பக்கம் போகிற கரையோரச் சாலைதான் எம்லினின் பிள்ளைப் பருவம் முழுக்க. காலண்டரில் வேல்ஸ் என்று போடுவார்களே, மலை, அருவி, ஆட்டு மந்தை, அந்த வேல்ஸ் இது இல்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, அதைத் தாண்டிச் சேறும் உப்புப் புல்லும், எதிர்க்கரையில் இங்கிலாந்து. மோஸ்டின் துறைமுகத்திலிருந்துதான் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கைகளைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் 'டியூக் ஆஃப் லங்காஸ்டர்' என்ற பழைய பயணிகள் கப்பல் கரையோடு கரையாகத் துருப்பிடித்து நிற்கிறது. எம்லின் வில்லியம்ஸ் ஊர் எது என்று இங்கே கேட்டால், பாதிப் பேர் அந்தக் கப்பலுக்குத்தான் வழி சொல்வார்கள்.

வீட்டில் வேல்ஸ் மொழியான வெல்ஷ் மட்டும்தான். ஆங்கிலம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில், எட்டு வயது வாக்கில் வந்து சேர்ந்த மொழி. அப்பா ரிச்சர்ட் கொஞ்ச காலம் கிளானரவோன் என்ற கிராமத்தில் மதுக்கடை நடத்தினார். அது ஓடவில்லை. குடும்பம் கோனாஸ் கீக்குக் குடிபெயர்ந்து, அப்பா ஷாட்டன் எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பையன் உதவித்தொகை வாங்கி ஹோலிவெல் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கேதான் சாரா கிரேஸ் குக் என்ற ஆசிரியை. நீங்கள் பார்த்த படத்தில் பெட்டி டேவிஸ் செய்த மிஸ் மொஃபாட் இவர்தான். பையனுக்கு பிரெஞ்சு நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்து, பிரான்சில் சில மாதங்கள் தங்கிப் படிக்க ஏற்பாடு செய்து, ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்தார். 1923-இல் சேர்ந்தார். நாடகத்தில் பையன் சுரங்கத் தொழிலாளி. நிஜத்தில் எம்லின் சுரங்கத்துக்குள் இறங்கியவர் இல்லை. பெஸ்ஸி என்ற பெண்ணின் கர்ப்பமும் குழந்தையும் மேடைக்காகச் சேர்த்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் பாடத்தை விட நாடகச் சங்கத்தில்தான் அதிகம் கிடந்தார். 1926-இல் மனம் உடைந்து படுத்துவிட்டார். எதையாவது எழுது, எழுதினால் தேறுவாய் என்று சொன்னதும் அதே மிஸ் குக்தான். அப்படி எழுதிய நாடகம் ஆக்ஸ்ஃபோர்டிலேயே மேடையேறியது. 1927-இல் லண்டன் மேடையில் சின்ன வேடத்தில் நடிகரானார்.

ரசிகன் கேட்ட கேள்விக்கு இனிமேல்தான் பதில். மூன்றும் எப்படி ஒரே ஆள்? என் கணிப்பு இது: மற்றவர்கள் தருகிற வேடங்களில் அவருக்கு இடமே இல்லை. அந்தக் கால லண்டன் மேடையில் கதாநாயகன் என்றால் நெடுநெடுவென்று, சட்டைக் கழுத்து கசங்காமல், பணக்கார வீட்டு ஆங்கிலம் பேசுகிறவன். எம்லினிடம் கூர்மையான கண்ணும், எந்தக் குரலையும் பிடித்துவிடுகிற காதும் இருந்தன. காதல் நாயகனுக்கான தோற்றம் இல்லை. அதனால் கிடைத்ததெல்லாம் வெளிநாட்டுக்காரன், கிறுக்கன், குற்றவாளி. குற்றக்கதை எழுத்தாளர் எட்கர் வாலஸின் நாடகங்களில் அப்படித்தான் பெயர் வாங்கினார். 'தி கேஸ் ஆஃப் தி ஃபிரைட்டண்ட் லேடி'யில் புத்தி பேதலித்த பிரபுவாக 1931-இல் மேடையிலும், மறு வருஷம் படத்திலும் நடித்தார். சரி, கிறுக்கனும் கொலைகாரனும்தான் நமக்கு என்றால், உலகம் மறக்காத கொலைகாரனாக ஒருவனை நாமே எழுதிக்கொள்வோம் என்று அவர் உட்கார்ந்த மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

அதுதான் 'நைட் மஸ்ட் ஃபால்', 1935, டச்சஸ் தியேட்டர். டேனி என்ற ஹோட்டல் எடுபிடிப் பையன். இனிக்க இனிக்கப் பேசுவான். சக்கர நாற்காலியிலேயே அதிகாரம் பண்ணுகிற ஒரு பணக்காரக் கிழவியின் வீட்டுக்குள் நுழைந்து, அவளுக்கு மகன் மாதிரி ஆகிவிடுவான். கூடவே ஒரு தொப்பிப் பெட்டி. ஊரில் ஒரு பெண்ணைத் தலையில்லாமல் கண்டெடுத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் என்ன என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நாடகம் முடிகிற வரை அந்தப் பெட்டியை அவர் திறந்து காட்டவே மாட்டார்.

இதில் அவர் செய்த துணிச்சலான காரியம் வேறு. நாடகமே நீதிபதி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்வதில்தான் ஆரம்பிக்கிறது. யார் கொன்றது என்ற கேள்வியை முதல் நிமிஷத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டார். அப்புறம் எதற்காக உட்கார்ந்து பார்க்கிறோம்? அந்தப் பையனை நமக்கு ஏன் பிடித்துத் தொலைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். டேனிக்கு வெல்ஷ் வாடை அடிக்கிற ஆங்கிலத்தைக் கொடுத்து, அவரே நடித்தார். நானூறு தடவைக்கு மேல் ஓடியது. 1937-இல் ராபர்ட் மாண்ட்கோமெரியை வைத்து ஹாலிவுட்டில் எடுத்தார்கள், அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. மேடையில் கிழவியாக நடித்த மே விட்டிக்கும் அதே படத்துக்குப் பரிந்துரை. 1964-இல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்து மறுபடியும் வந்தது. முதல் படத்தையே நான் சிபாரிசு செய்வேன். இரண்டாவதில் கோடரி அதிகம், வசீகரம் குறைவு.

மூன்று வருஷம் கழித்து, 1938-இல், அதே டச்சஸ் தியேட்டரில் 'தி கார்ன் இஸ் கிரீன்'. மிஸ் மொஃபாட்டாக சிபில் தோர்ன்டைக். மாணவன் மார்கன் எவன்ஸாக எம்லினேதான், முப்பத்திரண்டு வயதில்! நியூயார்க்கில் 1940-இல் ஈத்தல் பேரிமோர் நடித்தார். அதற்குப் பிறகுதான் உங்கள் பெட்டி டேவிஸ். 1979-இல் ஜார்ஜ் கியூகோர் இயக்கத்தில் கேத்தரின் ஹெப்பர்ன் தொலைக்காட்சிக்காக நடித்தார்.

போர்க்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எம்லின் பெயரை மறந்தவர்களுக்கும் இதன் பலன் தெரியும். 1943-இல் 'தி ட்ரூயிட்ஸ் ரெஸ்ட்' என்ற தன் நகைச்சுவை நாடகத்துக்கு வெல்ஷ் தெரிந்த பையன் வேண்டும் என்று 'வெஸ்டர்ன் மெயில்' பத்திரிகையில் விளம்பரம் வந்தது. தென் வேல்ஸ் போர்ட் டால்பட்டில் ஓர் ஆசிரியர் அதைப் பார்த்துத் தன் மாணவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசிரியர் பிலிப் பர்ட்டன். பையன் பின்னாளில் ரிச்சர்ட் பர்ட்டன். சுரங்கத் தொழிலாளி மகன், கையைப் பிடித்து மேலே தூக்குகிற ஆசிரியர்! தான் எழுதிய கதை தன் முன்னால் நடந்து வந்து நின்றபோது எம்லினுக்கு எப்படி இருந்திருக்கும்! அதே நாடகத்தில் இன்னொரு பொடியன் ஸ்டான்லி பேக்கர். ஒரு சின்ன நாடகத்தில் இரண்டு வருங்கால நட்சத்திரங்கள்.

பர்ட்டனின் முதல் படமும் எம்லினுடையதுதான். 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் டால்வின்', 1949. எழுத்து, இயக்கம், நடிப்பு மூன்றும் அவர். ஆங்கில நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக அணை கட்டி ஒரு வெல்ஷ் கிராமத்தையே மூழ்கடிக்கிற கதை. இது கற்பனை மட்டும் இல்லை. லிவர்பூலுக்குத் தண்ணீர் தர 1880-களில் லான்வுத்தின் என்ற கிராமம் மூழ்கியது. படம் வந்து பதினாறு வருஷத்தில், 1965-இல், கேப்பல் கெலின் என்ற கிராமமும் அதே லிவர்பூலுக்காக நீருக்குள் போனது. படத்தில் ஊரை விற்க வருகிற வில்லன், அதே ஊர்ப் பையன், திருடன் என்று துரத்தப்பட்டவன். அந்த வேடத்தை எம்லின் தானே எடுத்துக்கொண்டார். ஊரை விட்டு லண்டன் போய்ப் பெரிய ஆளானவர் தனக்கென்று எழுதிய வேடம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். படப்பிடிப்பில்தான் பர்ட்டன் சிபில் வில்லியம்ஸைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். (சிபில் எம்லினுக்குச் சொந்தம் இல்லை. ரசிகன் சொன்னது சரி, இங்கே எல்லாரும் வில்லியம்ஸ்.)

1950-இல் 'அக்கோலேட்'. நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளருக்கு சர் பட்டம் வரப்போகிற நேரம். அவருக்கு வெளியே தெரியாத இன்னொரு வாழ்க்கை உண்டு, லண்டன் துறைமுகப் பகுதியின் மட்டமான விடுதிகளில். மனைவிக்குத் தெரியும், பத்திரிகைகளுக்குத் தெரியாது. அதிலும் எம்லினே நடித்தார். மோலியைக் கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகள் பெற்றவர், ஆண்களையும் நேசித்தவர். ஆண்கள் தமக்குள் உறவு வைத்தால் சிறை என்ற சட்டம் 1967 வரை இருந்தது. 1973-இல் வந்த தன்வரலாற்றில் எதையும் மறைக்காமல் எழுதினார். 1950-இல் மேடையில் அதை வேறு குற்றமாக மாற்றித்தான் சொல்ல முடிந்தது. அறுபது வருஷம் அந்த நாடகத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2011-இல் லண்டன் ஃபின்பரோ என்ற குட்டி அரங்கில் எடுத்துப் போட்டபோது விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி 1951-இல் ஆரம்பிக்கிறது. அப்போது அவர் நாடகங்கள் பழைய மாதிரி ஓடவில்லை. அவர் செய்தது: தாடி ஒட்டிக்கொண்டு, விக்டோரியா காலத்து மாலைநேர விருந்து உடையில், சட்டையில் சிவப்புப் பூ செருகி, சார்லஸ் டிக்கன்ஸாகவே மேடையில் வந்து நின்றார். டிக்கன்ஸ் தன் கதைகளை ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டியவர், அதற்கென்றே ஒரு சின்ன மேசை செய்து வைத்திருந்தார். அதே போல் ஒரு மேசை செய்துகொண்டு, எம்லின் தனி ஆளாக இரண்டு மணி நேரம். 'சிக்னல்மேன்' பேய்க்கதையும் உண்டு, சிரிப்பும் உண்டு. மறு வருஷம் 'பிளீக் ஹவுஸ்' நாவல் முழுவதையும் ஒரே சாயங்காலத்துக்குள் அடக்கினார். அந்த நாவலின் தடிமன் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

எங்கள் கடைக்கு வருகிற பெரியவர் ஒருவர் இளம் வயதில் இதை நேரில் பார்த்திருக்கிறார். அவர் சொன்னது: 'புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒரு தடவை கூடக் கீழே பார்த்ததாக எனக்கு நினைவில்லை.' எல்லாம் மனப்பாடம். வாசிப்பது போல நடித்திருக்கிறார். எழுத்தாளனும் நடிகனும் ஒரே ஆளுக்குள் இருந்தால்தான் இது முடியும். எதை வெட்டுவது என்று எழுத்தாளனுக்குத் தெரிய வேண்டும், வெட்டிய இடம் தெரியாமல் ஒரு குரலிலிருந்து அடுத்ததற்குத் தாவ நடிகனுக்குத் தெரிய வேண்டும். வெல்ஷ் கவிஞர் டிலன் தாமஸ் 1953-இல் இறந்த பிறகு அவருடைய எழுத்தை வைத்தும் இப்படி ஒரு தனி நிகழ்ச்சி செய்தார். டிக்கன்ஸைத் தூக்கிக்கொண்டு எண்பதுகள் வரை உலகம் சுற்றினார். இன்றைக்குத் தனிநபர் நாடகம் என்று லண்டனில் வாரம் ஒன்று போடுகிறார்களே, அதற்கெல்லாம் பெரியப்பா இவர்.

வாம்பா, 'தி சிட்டடல்', 'மேஜர் பார்பரா', 'ஐ அக்யூஸ்' படத்தில் எமில் சோலா, இவையெல்லாம் வீட்டுச் செலவுக்கு. நன்றாகவே செய்தார், ஆனால் மனசு அங்கே இல்லை. 1956-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் ஷைலாக்காகவும் இயாகோவாகவும் நடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூசி வந்து சொல்வார்.

கடைசியாக அந்தக் கொலைப் புத்தகம். மூர்ஸ் கொலை வழக்கு 1966-இல் செஸ்டர் நகரத்தில் நடந்தது. எம்லின் வளர்ந்த கோனாஸ் கீயிலிருந்து செஸ்டர் கொஞ்ச தூரம்தான், இங்கிருந்து நாங்களே சாமான் வாங்கப் போகிற ஊர். 1967-இல் 'பியாண்ட் பிலீஃப்' வந்தது. நல்ல விற்பனை, நிறையத் திட்டும். கொலைகாரர்கள் தனியாக இருக்கும்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள், என்ன நினைத்திருப்பார்கள் என்று நாடக ஆசிரியராகக் கற்பனை செய்து எழுதிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நான் அதைப் பாதிக்கு மேல் படிக்கவில்லை, படிக்க முடியவில்லை. ஆனால் ஏன் எழுதினார் என்று எனக்குப் புரிகிறது. முப்பது வருஷம் முன்னால் டேனியை எழுதி, ஊரே அவனை ரசிக்கும்படி நடித்துக் கைத்தட்டல் வாங்கியவர். நிஜக் கொலைகாரனிடம் அந்த வசீகரம் எதுவும் இல்லை, வெறும் குரூரம்தான் என்று தெரிந்தபோது, தான் எழுதியதற்கு ஏதோ கணக்குத் தீர்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். கணக்கு தீர்ந்ததா என்றால், என்னைப் பொறுத்தவரை இல்லை. டேனி பொய், ஆனால் உயிரோடு இருக்கிறான். இந்தப் புத்தகத்தில் பாதி நிஜம், அதனாலேயே மீதிப் பாதிக் கற்பனை குடலைப் பிரட்டுகிறது.

ஆக, ரசிகன், மூன்றும் ஒரே ஆள் மட்டும் இல்லை. கிட்டத்தட்ட மூன்றும் ஒரே கதை.

சந்தேகப்பிராணி எழுதியது:

அக்கா பிரமாதமாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு குறுக்குக் கேள்வி. 'தி கார்ன் இஸ் கிரீன்' எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மா வருகிறார், வெல்ஷ் பிள்ளைகள் இருட்டில் கிடக்கிறார்கள், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார், கெட்டிக்காரப் பையன் ஊரை விட்டுப் போகிறான், அதுதான் வெற்றி. பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசினால் கழுத்தில் பலகை மாட்டிய ஊர் அது. லண்டன் பார்வையாளர்களுக்குப் பிடிக்கிற மாதிரி எழுதியவர் என்று சொன்னால் தப்பா? அந்தப் படத்தில் வரும் வெல்ஷ்காரர்கள் எல்லாம் எப்போது பார்த்தாலும் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

டீக்கரை எழுதியது:

தப்பே இல்லை. படத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவில் போட்ட செட்டில் வேல்ஸ் என்றால் அப்படித்தான் இருக்கும்.

நாடகம் கொஞ்சம் வேறு. பாட்டு அதிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேடையிலேயே வெல்ஷ் பேசுகிறார்கள். லண்டன்காரனுக்குப் புரியுமா என்று அவர் கவலைப்படவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த சீமான்கள் ஒரு நிமிஷமாவது எதுவும் புரியாமல் விழித்திருப்பார்கள். எட்டு வயது எம்லின் விழித்த மாதிரியே. அப்புறம், மார்கன் நன்றியோடு தலையாட்டுகிற பையன் இல்லை. கூட்டாளிகள் ஆசிரியையின் நாய்க்குட்டி என்று கேலி செய்ய, இரண்டாவது அங்கத்தில் அவரிடமே வெடிக்கிறான். அவன் என்ன பாடுபடுகிறான் என்பது மிஸ் மொஃபாட்டுக்கு அதுவரை தெரியவே தெரியாது. தேர்வு தெரிகிறது, கிரேக்கம் தெரிகிறது, பையன் தெரியவில்லை. நன்றிக்கடனுக்காக எழுதிய நாடகத்தில், நன்றி சொல்ல வேண்டிய ஆளைப் பற்றி இப்படியும் எழுதினாரே, அங்கேதான் நான் அவரை மதிக்கிறேன்.

அதோடு, அவர் நாடகம் எழுதுவதற்கு முன்பே இந்தக் கரையில் மொழி போய்க்கொண்டுதான் இருந்தது. 1901 கணக்கெடுப்பில் வேல்ஸில் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021-இல் அது 17.8 சதவீதம். எங்கள் ஃபிளின்ட்ஷயர் பகுதியில் இன்னும் குறைவு. கடைக்கு வருகிற வயதானவர்கள் சிலர் தங்களுக்குள் வெல்ஷில் பேசிக்கொண்டு நிற்பார்கள், கவுண்டருக்கு வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். என்னிடம் மட்டும் இல்லை, பக்கத்துக் கவுண்டரில் இருக்கிற வேல்ஸ்காரப் பெண்ணிடமும் அப்படித்தான். ஆலை, ரயில், செஸ்டர் சந்தை, எல்லாம் ஆங்கிலத்தை இழுத்துக்கொண்டு வந்த கரை இது. மலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தப்பித்தது.

உங்கள் உறுத்தலை 2022-இல் லண்டன் நேஷனல் தியேட்டர்காரர்களும் உணர்ந்திருக்கிறார்கள். டாமினிக் குக் இயக்கம், மிஸ் மொஃபாட்டாக நிக்கோலா வாக்கர். அதில் எம்லின் வில்லியம்ஸையே ஒரு பாத்திரமாக மேடையில் நிறுத்தி, அவர் இந்த நாடகத்தை நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருப்பது போலக் காட்டினார்கள். சுரங்கத் தொழிலாளர் கூட்டம் ஒன்று பின்னால் நின்று வெல்ஷில் பாடிக்கொண்டே இருக்கும், அவர் விட்டுவிட்டு வந்த ஆட்களாக. நீங்கள் குறை சொன்ன அதே பாட்டுத்தான். ஆனால் அங்கே அது அலங்காரமாக இல்லாமல் குற்றச்சாட்டாக ஒலித்தது. பதிவு செய்து வெளியிட்டார்கள், கிடைத்தால் பாருங்கள்.

அவர் பெயரை இங்கே மறந்துவிடவில்லை என்பதற்கு ஒன்று. மோல்ட் ஊரில் 'தியேட்டர் க்ளூயிட்' என்ற பெரிய நாடக வளாகம் 1976-இல் வந்தது. அதில் சின்ன அரங்குக்கு எம்லின் வில்லியம்ஸ் பெயர் வைத்தார்கள். பெரிய அரங்குக்கு ஆண்டனி ஹாப்கின்ஸ் பெயர் வைத்தார்கள். ஹாப்கின்ஸ் பெரிய நடிகர்தான், இருந்தாலும் தென் வேல்ஸ்காரர். இந்த மண்ணின் பிள்ளைக்குச் சின்ன அறையா என்று எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை உண்டு.

கருப்புவெள்ளை ரசிகன் எழுதியது:

அக்கா, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மிக்க நன்றி. இரண்டே கேள்வி. ஒன்று, புத்தகத்தில் எதை முதலில் எடுக்கட்டும்? இரண்டு, பர்ட்டனும் இவரும் கடைசி வரை நெருக்கமாகத்தான் இருந்தார்களா?

டீக்கரை எழுதியது:

'ஜார்ஜ்' முதலில். 1961-இல் வந்த தன்வரலாறு. பிறந்ததிலிருந்து மேடை ஏறுகிற வரைக்கும். மதுக்கடை, அம்மாவின் கண்டிப்பு, மிஸ் குக், ஆக்ஸ்ஃபோர்டு, எல்லாம் அதில்தான். மதுக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்ட பையன் எழுதியது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அடுத்தது 'எம்லின்', 1973. அது 1927 முதல் 1935 வரை மட்டும். 'நைட் மஸ்ட் ஃபால்' வெற்றியோடு நிறுத்திவிட்டார், மூன்றாவது பாகம் எழுதவே இல்லை. பர்ட்டனும் இல்லை, டிக்கன்ஸும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம். 1980-இல் 'ஹெட்லாங்' என்று ஒரு நாவல் எழுதினார். அரச குடும்பம் மொத்தமும் ஒரு விபத்தில் போய், சம்பந்தமே இல்லாத ஒரு நடிகன் ராஜாவாகிற கதை. அதை வைத்துத்தான் 1991-இல் 'கிங் ரால்ஃப்' என்ற ஹாலிவுட் படம் எடுத்தார்கள். நாவலைப் படியுங்கள், படத்தை விடுங்கள்.

கையில் வைத்திருக்கிற 'பியாண்ட் பிலீஃப்' புத்தகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் வேண்டாம்.

பர்ட்டன் விஷயம்: நடுவில் ஒரு மனஸ்தாபம் வந்தது. 1962-இல் ரோமில் 'கிளியோபாட்ரா' படப்பிடிப்பில் பர்ட்டனும் எலிசபெத் டெய்லரும் சேர்ந்தபோது, எம்லின் ரோமுக்கே போய்ப் புத்தி சொல்லிப் பார்த்தார். பர்ட்டனுக்கு அவர் மனைவி சிபிலை அறிமுகம் செய்து வைத்த வீட்டுப் பெரியவர் என்ற உரிமை. பர்ட்டன் கேட்கவில்லை. ஆனாலும் உறவு அறுந்துபோகவில்லை. எம்லினின் மகன் புரூக்கும் நடிகர், பர்ட்டனின் நெருங்கிய சிநேகிதர். பர்ட்டன் படங்கள் பலவற்றில் ஓரமாக ஒரு சின்ன வேடத்தில் வருவார், 'வேர் ஈகிள்ஸ் டேர்' பார்த்தால் கண்டுபிடிக்கலாம். 1984-இல் பர்ட்டன் இறந்தபோது லண்டனில் நடந்த நினைவுக் கூட்டத்தில் எம்லின் பேசினார். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது.